ஒரே ஈ, ஒரே வரப்பு, இரண்டு பயிர்: டெல்டாவின் தரிசு உளுந்தில் மஞ்சள் தேமல் வைரஸின் மரபணு வேறுபாடு – ஒரு நிகழ்வு ஆய்வு

நீடாமங்கலத்துக்கும் வலங்கைமானுக்கும் நடுவில், வெண்ணாற்றுப் பாசனத்தில் இருக்கும் ஒரு குடும்பத்தின் நிலம் இந்த ஆய்வின் களம். குறுவை, தாளடி, அப்புறம் நெல் தரிசில் உளுந்தும் பயறும் என்று வருஷம் முழுக்க ஓடும் நிலம். வரப்புக்கு மேற்கே உளுந்து, கிழக்கே பச்சைப்பயறு. இரண்டுக்கும் ஒரே வாய்க்கால், ஒரே மண். தெளித்ததும் ஒரே நாளில். பங்குனி கடைசியில் மேற்கு வயல் முழுக்க மஞ்சள். கிழக்கே பயறு பச்சையாக நின்று காய் பிடித்திருந்தது. அங்கங்கே சில இலைகளில் மட்டும் மஞ்சள் புள்ளி.

மஞ்சள் தேமலைக் கடத்தும் வெள்ளை ஈயை நினைத்து நிலத்துக்காரப் பெரியவர் கேட்டார்: “ஒரே ஈதானே தம்பி ரெண்டுலயும் உக்காருது? பின்ன இது மட்டும் எப்படித் தப்பிச்சுது?”

பயறு நோய் தாங்கும் ரகமாக இருக்கும் என்று பதில் சொல்லியிருக்கலாம். அதற்கு ஒரு விஷயம் இடம் கொடுக்கவில்லை. முந்தின வருஷம் இதே நிலத்தில், இதே வீட்டு விதையில், மஞ்சள் அடித்தது பயறுதான். உளுந்து பெரிய சேதமில்லாமல் வந்து விற்பனைக்கும் போனது. விதை மாறவில்லை, நிலம் மாறவில்லை, தெளித்த கையும் மாறவில்லை. நோய் மட்டும் வரப்பு தாண்டியது.

இந்த இடமாற்றத்துக்கு எது காரணமாக இருக்க முடியும் என்று தேடியதைத்தான் இங்கே எழுதுகிறேன். வைரஸின் மரபணு அமைப்பிலேயே பதில் இருக்கிறது என்பது என் முடிவு. நாம் வழக்கமாகச் செய்கிற பரிசோதனை அந்த இடத்தை எட்டிப் பார்ப்பதே இல்லை என்பதும் சேர்ந்து சொல்லவேண்டியது.

தையில் தெளிப்பதும் மாசியில் தெளிப்பதும்

டெல்டாவின் தரிசு உளுந்துக்கு உழவு கிடையாது, தனியாகத் தண்ணீரும் கிடையாது. சம்பாவோ தாளடியோ அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போதே, மண் மெழுகுப் பதத்தில் இருக்கையில், நிற்கிற நெல்லுக்குள் விதையைத் தெளித்துவிடுவார்கள். ஏக்கருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ. மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது மரபு. ஆகவே நெல் அறுத்த பிறகு அந்தச் செடிக்குக் கிடைப்பதெல்லாம் மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும் பனியும்தான். அறுபத்தைந்து, எழுபது நாளில் காய் முற்றிவிட வேண்டும். இவ்வளவு நெருக்கமான கணக்கில் ஓடும் பயிருக்கு நோய் வந்தால் சமாளித்துத் திரும்பி வர அவகாசமே இருக்காது.

தை நடுவில் தெளித்த உளுந்து, வெயில் ஏறுவதற்குள் பூவெடுத்துவிடும். மாசியில் தெளித்தது வெயிலோடு சேர்ந்து வளரும். வெள்ளை ஈயின் பெருக்கமும் அதே வெயிலோடு ஏறும். முதல் மூன்று, நான்கு வாரத்துக்குள் வைரஸ் ஏறிய செடியில் காய் என்று ஒன்றை எதிர்பார்க்க முடியாது. பூத்த பிறகு ஏறினால் பாதியாவது தேறும். இந்த நிலத்தில் வடகிழக்குப் பருவமழை நீண்டதால் தாளடி நடவே தள்ளிப்போனது. அறுவடை இயந்திரம் கிடைக்கவும் தாமதம். தெளிப்பு மாசிக்குப் போய்விட்டது. உளுந்துக்கு வந்த சேதத்தில் ஒரு பங்கு இந்தத் தாமதத்துக்கு உரியது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அதே தாமதம் பயறுக்கும் இருந்ததே! தெளிப்பு நாளை வைத்து உளுந்து ஏன் போனது என்று சொல்லலாம், பயறு ஏன் தப்பியது என்று சொல்ல முடியாது.

வேறு சாத்தியங்களையும் பார்த்தோம். வெறும் சத்துக் குறைவாக இருந்தால் மஞ்சள் இலை நரம்பை ஒட்டியோ விளிம்பை ஒட்டியோ ஒரு ஒழுங்கோடு பரவும். இங்கே இளம் இலையில் சிறு புள்ளியாக ஆரம்பித்து, பச்சையும் மஞ்சளும் திட்டுத் திட்டாகக் கலந்து, கடைசியில் இலை முழுக்க மஞ்சளானது. காயும் மஞ்சளாகிச் சுருங்கியது. மஞ்சள் தேமல் என்பதில் ஐயமில்லை. இலை நெளிந்து சுருங்கும் நோய் சில செடிகளில் இருந்தது, அது வேறு விவகாரம். பயறில் வெள்ளை ஈ குறைவோ என்றால் அதுவும் இல்லை. காலையில் இலையைத் திருப்பினால் இரண்டு வயலிலும் பறந்தது.

பக்கத்துக் கொல்லையில் வெண்டை நரம்பு மஞ்சளாகி நின்றது, வாய்க்கால் கரையில் ரயில் பூண்டும் மஞ்சள் வலை கட்டியிருந்தது. ‘அதிலிருந்துதான் உளுந்துக்கு ஒட்டியது’ என்று ஊரில் பலரும் சொன்னார்கள். அவற்றையும் வெள்ளை ஈதான் கடத்துகிறது, அவையும் இதே வைரஸ் பேரினத்தைச் சேர்ந்தவைதான். என்றாலும் வெண்டையின் வைரஸ் வேறு, ரயில் பூண்டின் வைரஸ் வேறு. உளுந்தின் மஞ்சளுக்கு அவரை, தட்டைப்பயறு, சோயா, காட்டுப் பயறு என்று பயறுக் குடும்பச் செடிகளைத்தான் முதலில் தேட வேண்டும்.

ஆய்வகத்தின் ஒரு வரி

நோய்ப்பட்ட இலைகளைச் சேகரித்து ஓர் ஆய்வகத்துக்குக் கொடுத்தார்கள். இரண்டு பயிரின் இலையும் ஒரே உறையில் போனது. நிரப்பச் சொன்ன படிவம் அதற்கு மேல் எதையும் கேட்கவில்லை. பி.சி.ஆர். (குறிப்பிட்ட மரபணுத் துண்டைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் சோதனை) செய்து பதில் வந்தது: மஞ்சள் தேமல் வைரஸ் இருக்கிறது.

அந்தப் பதில் சரிதான், ஆனால் பெரியவரின் கேள்வி வேறு. அது ஏன் இந்தப் பதிலுக்குள் வராது என்று புரிய, வைரஸின் உடம்பைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

மஞ்சள் தேமல் வைரஸ் ஜெமினி வைரஸ் குடும்பத்தில் பெகோமோ வைரஸ் பேரினத்தைச் சேர்ந்தது. எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் இரண்டு சிறு பந்துகள் ஒட்டிப் பிறந்ததுபோல் தெரியும். நீளம் சுமார் 30 நானோமீட்டர். மரபுப்பொருள் வட்டமான ஒற்றை இழை டி.என்.ஏ. அதுவும் ஒன்றல்ல, இரண்டு வட்டங்கள். டி.என்.ஏ. ஏ, டி.என்.ஏ. பி என்று பெயர். ஒவ்வொன்றிலும் சுமார் 2,700 எழுத்துகள், அதாவது டி.என்.ஏ.வின் அடிப்படை அலகுகள். இரண்டும் தனித்தனி உறைக்குள் பயணிக்கின்றன. செடியில் நோய் முழுசாகக் கிளம்ப இரண்டும் வந்து சேர வேண்டும்.

ஏ வட்டத்தில் இருப்பவை வைரஸ் தன்னைப் பெருக்கிக்கொள்வதற்கான மரபணுக்களும், மேலுறைப் புரதத்துக்கான மரபணுவும். பி வட்டத்தில் இரண்டே மரபணுக்கள். ஒன்று வைரஸ் டி.என்.ஏ.வை செல்லின் உட்கருவிலிருந்து வெளியே கொண்டுவரும் புரதத்துக்கு உரியது, மற்றது பக்கத்து செல்லுக்குக் கடத்தும் புரதத்துக்கு உரியது. செடிக்குள் எங்கே போவது, எவ்வளவு வேகமாகப் போவது, எந்தச் செடியில் நன்றாக ஓடுவது என்பதெல்லாம் பெரும்பாலும் பி-யின் கையில் இருக்கிறது.

ஏ-யை டிராக்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், பி-யை டிரெய்லர். பி தானாகப் பெருகாது. ஏ செய்து கொடுக்கும் பெருக்கப் புரதம்தான் அதையும் இழுக்க வேண்டும். அதற்கான கொக்கி இரண்டு வட்டத்திலும் இருக்கிறது. பொதுப்பகுதி என்று சொல்லப்படும் சுமார் 150 எழுத்து நீளமான பகுதி அது. அதற்குள், பெருக்கப் புரதம் பிடித்துக்கொள்வதற்கென்று ஒரு சிறு எழுத்துத் தொடர் திரும்பத் திரும்ப வரும். அதையொட்டி, ஜெமினி வைரஸ்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் காணப்படும் டி-ஏ-ஏ-டி-ஏ-டி-டி-ஏ-சி என்ற ஒன்பது எழுத்து வரிசை. பெருக்கம் தொடங்குவது அங்கேதான். கொக்கி பொருந்தினால் ஒரு டிராக்டர் வேறு டிரெய்லரையும் இழுக்கும்.

இப்போது ஆய்வகத்துக்குத் திரும்புவோம். வழக்கமான பி.சி.ஆர். தேடுவது மேலுறைப் புரத மரபணுவை. காரணம் நியாயமானது. வெள்ளை ஈ வைரஸை ஏந்திச் செல்ல அந்தப் புரதம்தான் வேண்டும். அதனால் அதில் மாற்றம் அதிகம் தங்காது. ஆகவே எந்த ஊர் வைரஸானாலும் அந்தச் சோதனைக்குச் சிக்கும். நோய் இருக்கிறதா என்று கேட்க இது மிக நல்ல சோதனை. ஆனால் மாறாமல் இருப்பதாலேயே தேர்ந்தெடுத்த ஒரு மரபணுவிடம் போய் ‘என்ன மாறியது’ என்று கேட்டால் என்ன கிடைக்கும்? சுமார் 5,400 எழுத்துள்ள மரபுத்தொகுதியில் அந்த மரபணு ஏழில் ஒரு பங்கு அளவுதான், அதுவும் ஏ-யில். பி-யை அந்தச் சோதனை தொடவே இல்லை.

பெயர் வைக்கும் விதியும் இதே பக்கம் சாய்கிறது. பெகோமோ வைரஸ்களை இனம் பிரிக்க 2015-ல் வகுத்த அளவுகோலின்படி, டி.என்.ஏ. ஏ முழுவதையும் ஒப்பிட்டு 91 சதவீதத்துக்குக் கீழே ஒற்றுமை இருந்தால் வேறு இனம், 94-க்குக் கீழே இருந்தால் அதே இனத்தின் வேறு வகை. உலகத்துக்கே ஒரு பொதுவான அளவு வேண்டும் என்பதால் இந்த விதியை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பெயரை மட்டும் பார்த்து வயலில் முடிவெடுத்தால், பி எப்படி மாறியிருந்தாலும் பெயர் மாறாது என்பதை மறக்கக்கூடாது.

ஒரு ஏ-யோடு ஐந்து பி

இந்த இடத்தில்தான் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வேலுதம்பியின் குழு செய்து 2004-ல் வெளியிட்ட வேலை வருகிறது. பயறு நோய்களைப் பற்றித் தமிழ்நாட்டில் பேசுகிற யாரும் அதைப் படிக்காமல் போகக்கூடாது என்று நினைக்கிறேன்.

வயலில் நோய்ப்பட்ட உளுந்திலிருந்து அவர்கள் வைரஸை எடுத்து குளோன் செய்தார்கள், அதாவது ஒவ்வொரு வட்டத்தையும் தனியே பிரித்து நகலெடுத்தார்கள். ஏ ஒன்றே ஒன்று கிடைத்தது; அதற்கு கே.ஏ. 30 என்று பெயர். பி-யில் ஐந்து வெவ்வேறு குளோன்கள்: கே.ஏ. 21, 22, 27, 28, 34. ஒரு பி கிடைத்ததும் போதும் என்று நிறுத்தியிருந்தால் மற்றவை வெளியே வந்திருக்காது. தொடர்ந்து குளோன்களை எடுத்துப் பார்த்த அந்தப் பொறுமைதான் இந்த வேலையின் உயிர்.

ஐந்தில் கே.ஏ. 22-ன் பொதுப்பகுதி ஏ-யோடு 95 சதவீதம் ஒத்துப்போனது. கே.ஏ. 27 ஒத்துப்போனது 85.6 சதவீதம்தான். பெருக்கப் புரதம் பிடிக்கும் 11 எழுத்துத் தொடர் மற்ற நான்கு பி-களில் மூன்று முறை முழுசாக வந்தது, கே.ஏ. 27-ல் முதலாவதில் மூன்று எழுத்துகள் காணவில்லை. அதாவது கொக்கியே கொஞ்சம் வேறு. இன்னும் கவனிக்க வேண்டியது, கே.ஏ. 27-ன் பொதுப்பகுதி 93.9 சதவீதம் ஒத்துப்போனது பச்சைப்பயறைத் தாக்கும் வேறொரு வைரஸோடு.

அந்த வேறொரு வைரஸ் எது? இந்தியப் பயறுகளில் மஞ்சள் தேமல் உண்டாக்கும் வைரஸ் இனங்களில் முக்கியமாக நான்கைச் சொல்வார்கள்: பாசிப்பயறு மஞ்சள் தேமல் வைரஸ், பாசிப்பயறு மஞ்சள் தேமல் இந்தியா வைரஸ், கொள்ளு மஞ்சள் தேமல் வைரஸ், அவரை மஞ்சள் தேமல் வைரஸ். முதலாவது தென்னிந்தியாவிலும் மேற்கிலும் தாய்லாந்திலும் அதிகம். இரண்டாவது வடக்கிலும் நடுவிலும் கிழக்கிலும் அதிகம். இரண்டுக்கும் ஏ-யில் ஒற்றுமை ஏறத்தாழ 80 சதவீதம்தான், ஆகவே தனித்தனி இனம். நம் தெற்கத்தி வைரஸின் ஏ-யோடு சேர்ந்து திரிந்த கே.ஏ. 27, பொதுப்பகுதியில் முதலாவது இனத்திலேயே பச்சைப்பயறைத் தாக்கும் வைரஸின் சாயல் கொண்டது. என்றைக்கோ இதே இனத்தின் இரண்டு வகைகள் ஒரே செடிக்குள் சந்தித்து, வட்டங்கள் கைமாறி வந்த வரலாறு அதில் பதிந்திருக்கலாம் என்று படிக்கலாம்.

அதே குழு அதே வருஷம் வெளியிட்ட இன்னொரு ஆய்வு நம் வரப்புக்கு நேராக வருகிறது. இந்த வைரஸை இலையில் சாறு தேய்த்து ஏற்றுவது கடினம். அதனால் ஏ-யையும் பி-யையும் அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியாவில் ஏற்றி, அதன் வழியாக உளுந்திலும் பயறிலும் செலுத்திப் பார்த்தார்கள். ஏ இரண்டு சோதனையிலும் ஒன்றுதான், மாற்றியது பி-யை மட்டும். கே.ஏ. 22 சேர்ந்தபோது உளுந்தில் மஞ்சள் கடுமையாக வந்தது, வைரஸ் டி.என்.ஏ.வும் அதிகம் சேர்ந்தது. கே.ஏ. 27 சேர்ந்தபோது அதே கடுமை பயறில் வந்தது.

பெரியவரின் கேள்வியை இந்த முடிவுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே ஈ, ஒரே ஏ, ஒரே மேலுறைப் புரதம். பி மட்டும் வேறு. ஒன்று உளுந்தில் வேகமாக ஓடுகிறது, மற்றது பயறில். வயலில் இரண்டும் கலந்து திரியும்போது, எந்த வருஷம் எது அதிகமாக வந்து இறங்குகிறதோ அதைப் பொறுத்து வரப்பின் எந்தப் பக்கம் மஞ்சளாகும் என்பது மாறலாம். ஆய்வகத்திலிருந்து வரும் பதில் இரண்டு வருஷமும் ஒரே வரியாகத்தான் இருக்கும்.

முந்தின வருஷம் ஏன் பயறு?

இதற்கு என் விளக்கம் அந்த நிலத்தின் முந்தைய மாதங்களில் இருக்கிறது.

பயறு மஞ்சளடித்த வருஷத்துக்கு முன்னால், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் போர் தண்ணீர் வைத்திருப்பவர் கோடையில் பச்சைப்பயறு போட்டிருந்தார். அதற்கடுத்த வருஷம் அவர் பயறு போடவில்லை. மாறாக இந்தக் குடும்பமும் அக்கம்பக்கத்தாரும் தாளடி வயல் வரப்பில் உளுந்து ஊன்றினார்கள். வரப்பு உளுந்து நல்ல யோசனைதான். நெல் வயலில் நன்மை செய்யும் பூச்சிகள் தங்க இடம் கிடைக்கும், வீட்டுக்குக் கொஞ்சம் உளுந்தும் கிடைக்கும். ஆனால் அந்த வரப்புச் செடிகளில் சில மார்கழியிலேயே மஞ்சளாக நின்றதை வீட்டம்மா பார்த்திருக்கிறார். யாரும் பிடுங்கவில்லை.

உளுந்துக்குள்ளேயே சில மாதம் பெருகிய வைரஸ் கூட்டத்தில், உளுந்தில் நன்றாக ஓடும் பி-தான் மிகுந்திருக்கும். வெள்ளை ஈ அந்தச் செடியின் சாற்றை உறிஞ்சி, வைரஸ் அதன் உடம்புக்குள் சுற்றிவந்து உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்த பிறகு பல நாளைக்குச் சுமந்து திரியும். தரிசில் முளைத்த இளம் செடிகளுக்கு அது கொண்டுவந்து இறக்கியது ஏற்கனவே உளுந்து சலித்து எடுத்த கூட்டம். முந்தின வருஷம் பயறு சலித்த கூட்டம். நோய் வரப்பு மாறியதற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் எனக்குத் தென்படவில்லை.

‘வைரஸ் மரபணு மாறிவிட்டது’ என்றாலே ஒவ்வொரு எழுத்தாகப் பிழை சேர்வதைத்தான் பலரும் நினைக்கிறார்கள். பெகோமோ வைரஸ்கள் டி.என்.ஏ. வைரஸ்களாக இருந்தும் மாற்றத்தில் வேகமானவைதான். தக்காளி மஞ்சள் இலைச்சுருள் வைரஸில் 2008-ல் கணக்கிட்டது, ஒரு எழுத்திடத்துக்கு ஒரு வருஷத்தில் சுமார் 10,000-ல் 3 மாற்றம். 2,700 எழுத்துள்ள வட்டத்துக்கு அந்தக் கணக்கைப் போட்டால் வருஷத்துக்கு ஒரு எழுத்துகூட முழுசாக இல்லை. ஒரே தையிலிருந்து அடுத்த தைக்குள் நோய் பயிர் மாறுவதற்கு அந்த வேகம் போதாது. பி மாறினால் 2,700 எழுத்தும் ஒரே நேரத்தில் மாறுகிறது. இருப்பில் உள்ள இரண்டு பி-களின் விகிதம் மாறினாலே போதும், புதிதாக எதுவும் பிறக்க வேண்டியதில்லை. உளுந்தையும் பயறையும் ஒட்டி ஒட்டித் தெளிப்பது டெல்டாவின் பழக்கம். இரண்டு பி-யும் உயிரோடு இருக்க இதைவிட வசதியான இடம் வேண்டுமா?

வீட்டு விதையையும் விட்டுவிடக்கூடாது. மஞ்சள் தேமல் விதை வழியாகப் பரவாது என்றுதான் நெடுங்காலம் சொல்லிவந்தோம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், நோய்ப்பட்ட உளுந்தின் விதையுறை, பருப்பு, முளைக்கரு மூன்றிலுமே வைரஸைக் கண்டார்கள். வயலில் நோய் பரவுவதற்கு வெள்ளை ஈதான் பெரிய காரணம், அது மாறவில்லை. இருந்தாலும் மஞ்சளடித்த வயலிலிருந்து தப்பிய காயை விதைக்கு எடுத்து வைப்பதற்கு இனி நான் சம்மதிக்கமாட்டேன்.

‘தாங்கும் ரகம்’ எதைத் தாங்கும்?

பக்கத்து நிலத்தில் வம்பன் 8 என்ற உளுந்து ரகம் போட்டிருந்தார்கள். ஓரளவு நன்றாகவே நின்றது. இந்தக் குடும்பம் போட்டிருந்தது பழைய ஆடுதுறை 3. தரிசுக்கு நன்றாகப் பழகிய ரகம், ஈரம் குறைந்தாலும் காய் கொடுக்கும், அதனால் விட மனசு வராது. மஞ்சள் தேமலைத் தாங்குவதில் மட்டும் அது வம்பன் ரகங்களுக்கு ஈடாகாது.

புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் உள்ள தேசிய பயறு வகை ஆராய்ச்சி மையம் இந்த நோய்க்குப் பெயர்போன இடத்தில் இருக்கிறது. நோய் எளிதில் பிடிக்கும் கோ 5 போன்ற ரகத்தை நடுநடுவே வரிசையாக நட்டு, வெள்ளை ஈயை இயற்கையாகவே ஏறவிட்டு, எந்த வரிசை நிற்கிறது என்று பார்த்து ரகங்களைத் தேர்ந்தெடுப்பார்கள். இந்த முறையைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. வம்பன் ரகங்கள் டெல்டாவுக்குச் செய்திருக்கும் நன்மை கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. நான் கேட்பது ஒன்றுதான். அந்தப் பருவத்தில் அந்த வயலில் எந்த பி மிகுதியாக இருந்தது என்பதும் தேர்வுப் பதிவேட்டில் ஒரு கட்டமாக இருக்க வேண்டும். கே.ஏ. 27 சாயல் கூட்டம் மிகுந்த வருஷத்தில் உளுந்து வரிசை பச்சையாக நின்றால், அது ரகத்தின் பலமா, வந்த வைரஸின் பலவீனமா என்று பிரிக்க வழி இல்லாமல் போகும்.

வடக்கே ‘இந்தியா வைரஸை’ எதிர்க்கும் மரபணுவை உளுந்தில் கண்டிருக்கிறார்கள், சி.ஒய்.ஆர். 1 என்று பெயர். அதைத் தாங்கிய விதை இங்கே வந்தால் இங்குள்ள வைரஸையும் தாங்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு வைரஸின் ஒரு புரதத்தை அடையாளம் கண்டு தடுப்பதுதான் இந்த மாதிரி எதிர்ப்பு மரபணுவின் வேலை. புரதம் வேறானால் அடையாளமும் தப்பும். விதைக் கடையில் பையின் மேல் ‘மஞ்சள் தேமல் தாங்கும்’ என்று அச்சிட்டிருந்தால், எந்த ஊரில் தேர்வானது என்று கேட்கும் உரிமை விவசாயிக்கு உண்டு.

அடுத்த தைக்குச் செய்தது

பெரியவரிடம் வட்டம், எழுத்து எல்லாவற்றையும் தாளில் வரைந்து காட்டினோம். பொறுமையாகக் கேட்டார். “அப்ப உளுந்து நோயும் பயறு நோயும் வேற வேறன்னு சொல்லுங்க” என்றார். பெயர் ஒன்றுதான், ஏ-யும் ஒன்றுதான், ஓடும் வழி வேறு என்று சொன்னதும், “சரி, எது வந்தாலும் எனக்கு விளையணும்ல” என்றார். ஆகவே நிலத்தில் செய்யவேண்டியதிலிருந்து ஆரம்பித்தோம்.

இயந்திரத்துக்குக் காத்திருக்காமல், வண்டி வரும் நாளுக்கு நாலு நாள் முன்னதாகவே தையில் தெளிப்பு. உளுந்துக்கு வம்பன் 8, கிலோவுக்கு 5 மில்லி இமிடாகுளோபிரிட் 600 எஃப்.எஸ். என்ற பூச்சிமருந்து கலந்த விதை. வரப்பு உளுந்தை விடச் சொல்லவில்லை. மஞ்சள் கண்ட செடியை அன்றைக்கே பிடுங்கிப் புதைக்கச் சொன்னோம். தரிசிலும் அதேதான், முதல் 30 நாளைக்குள். மஞ்சள் ஒட்டுப்பொறி ஏக்கருக்கு ஐந்து. வெள்ளை ஈ ஏறினால் 10 சதவீத நொச்சி இலைச்சாறு, அதற்கும் அடங்காவிட்டால்தான் மருந்து. வரப்பின் இருபுறமும் உளுந்து, பயறு என்று ஒட்டிப் போடாமல், நடுவில் ஒரு வயல் விட்டுப் போட ஒப்புக்கொண்டார். பூக்கும்போது 2 சதவீத டி.ஏ.பி. கரைசல் தெளிப்பது அவருக்கு ஏற்கனவே பழக்கம்.

ஆய்வுக்கான மாதிரி எடுப்பதை முழுக்க மாற்றினோம். எந்தப் பயிர், என்ன ரகம், தெளித்த தேதி, மஞ்சள் முதலில் தெரிந்த தேதி, போன பருவத்தில் பக்கத்து வயலில் நின்ற பயறுக் குடும்பப் பயிர் எது என்பதெல்லாம் ஒவ்வொரு உறையின் மேலும் எழுதப்படுகிறது. உளுந்து இலை தனி, பயறு இலை தனி, வரப்பு உளுந்து தனி, தட்டைப்பயறு தனி. கடுமையாக மஞ்சளான செடியோடு, அதே வயலில் லேசாகப் புள்ளி விழுந்த செடியும் வேண்டும். புதிதாக விரிந்த இலையாக எடுத்து, சிலிக்கா ஜெல்லோடு மூடிவிட்டால் அறை வெப்பத்திலேயே தாங்கும்.

ஆய்வகத்திடம் கேட்பதும் மாறியிருக்கிறது. மேலுறைப் புரதத்துக்கான பி.சி.ஆர். முதல் சல்லடையாக இருக்கட்டும். அதற்கடுத்து, ஃபை 29 என்ற நொதியைக் கொண்டு செய்யும் உருள்வட்டப் பெருக்கம் வேண்டும். குறிப்பிட்ட மரபணுவைத் தேடாமல் வட்டமான டி.என்.ஏ. எதுவாக இருந்தாலும் அது பெருக்கிக் கொடுக்கும். ஏ-யும் வரும், பி-யும் வரும், எதிர்பாராத மூன்றாவது வட்டம் இருந்தால் அதுவும் வரும். பிறகு குளோன் செய்வதானால் ஒரு மாதிரிக்கு ஒரு பி-யோடு நிற்கக்கூடாது. நீள வாசிப்பு சீக்வென்சிங் (டி.என்.ஏ. எழுத்துகளை நீளமாக வரிசையாய்ப் படிக்கும் முறை) வசதி இருந்தால் 2,700 எழுத்தும் ஒரே வாசிப்பில் வந்துவிடும். எந்த பி எத்தனை பங்கு இருக்கிறது என்ற விகிதம் அதில் ஓரளவுக்குத்தான் பிடிபடும், ஏனென்றால் பெருக்கும்போதே சில வட்டங்கள் முந்திக்கொள்ளும். விகிதத்துக்கு கே.ஏ. 22 சாயலுக்கும் கே.ஏ. 27 சாயலுக்கும் தனித்தனி பிரைமர் (தேடும் பகுதியில் ஒட்டிக்கொள்ளும் சிறு டி.என்.ஏ. துண்டு) வைத்து அளவுக் கணக்கு பி.சி.ஆர். செய்யச் சொல்லியிருக்கிறோம்.

மன்னார்குடி, குடவாசல், பாபநாசம், குத்தாலம் பக்கம் உளுந்தும் பயறும் அடுத்தடுத்துப் போட்டிருப்பவர்கள் இரண்டில் ஒன்று மட்டும் மஞ்சளாவதைப் பார்த்தால், செடியைப் பிடுங்கி எறிவதற்கு முன்னால் இரண்டு வயலிலிருந்தும் ஐந்தைந்து இலை தனித்தனி உறையில் எடுத்து, மேலே சொன்ன விவரங்களை எழுதி, வட்டார வேளாண் அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். மஞ்சளாகாத பயிரின் இலையை மறந்துவிடாதீர்கள். அது இல்லாமல் அனுப்பினால் ‘வைரஸ் இருக்கிறது’ என்ற பழைய ஒரு வரிதான் திரும்பி வரும்.